‘இல்லை’ என்பதன் ஆயுள்

கொட்டகலையில், பாமஸிக்கு மேல்மாடி.
இரவு ஒன்று நாற்பது.
மின்விசிறி தேவைப்படாத ஊரில்
மடிக்கணினி மட்டும் மூச்சிரைக்கிறது.

கொழும்புக் கம்பனிக்கு கிளவுட்டில் முப்பத்தேழு கணக்கு.
முப்பத்தேழும் தனித்தனி வாசல் வெட்டி
இணையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன.
வாசலுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை;
எது எங்கே போனது என்பதற்கு மட்டும் கணக்கில்லை.
“ஒரே வாசலாக்குங்க நிரோஷினி” என்றார் றிஸ்மி,
பில்லைத் திரையில் விரித்துக் காட்டி.

ஆக்கினேன்.
நடுவில் ஒரு சந்தி, எல்லா வழியும் அங்கே.
சந்திக்கு அப்பால் சோதனைச்சாவடி,
அதற்கும் அப்பால் வெளி.
பெயர் தேடும் எவரும் இனி
தெருவில் போகிறவனிடம் விசாரிக்கக் கூடாது;
நடுவில் ஒரு பெயரேடு,
அது சொல்லும் எண்ணுக்குத்தான் போக வேண்டும்.
முப்பத்தேழு வீட்டுக்கும்
வெளியில் தெரிவது ஒற்றை விலாசம்.

படத்தை வரைந்து முடித்தபோது
எங்கேயோ பார்த்த கட்டடம் போலிருந்தது.

எங்கள் தோட்டத்தில் நூற்றுப்பன்னிரண்டு குடும்பம்.
காம்பராவுக்கு இலக்கமில்லை, லயத்துக்குப் பெயரில்லை.
உறைமேல் எழுத இவ்வளவுதான்:
ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு.
தப்பால்காரன் பையை ஆபிசில் கவிழ்ப்பான்.
பெரிய கிளாக்கர் பிரிப்பார், நேரமிருந்தால்.

லோகநாயகிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம்
பரீட்சை முடிந்து பதினோராம் நாள்
கொழுந்து மடுவத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது.
செக்ரோல் புத்தகத்துக்குள் கிடந்ததாம்.
அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை;
முத்திரையில் திகதி தெளிவாகத்தான் இருந்தது.
இப்போது ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறாள்.
இந்த ராத்திரி ஓடும் டேட்டா
அவள் போட்டுத் தந்த ரீலோட்.

இரண்டு மணிக்கு மாற்றினேன்.
முப்பத்தாறும் சத்தமில்லாமல் திரும்பின.
பதினேழாவது, சம்பளக் கணக்கு,
அதனோடு விதியைப் பகிர மறந்திருக்கிறேன்.
தன் வீட்டுப் பெயரையே அது
பொதுவெளியில் போய்க் கேட்டிருக்கிறது.
உலகம் நிதானமாகப் பதில் சொன்னது:
அப்படி ஒரு பெயர் இல்லை.

நான்கு நிமிடத்தில் பிழை பிடித்துத் திருத்தினேன்.
திருத்திய பிறகும்
இல்லை இல்லை என்றே வந்துகொண்டிருந்தது.
பழைய பதில்.
எவரோ ஒருமுறை சொன்னதை மனப்பாடம் பண்ணி
கேட்கும்போதெல்லாம் ஒப்பிக்கிறது.
‘இல்லை’க்கும் ஓர் ஆயுள் குறித்திருக்குமே,
குறித்தது யார் என்று தேடினேன்.
தொள்ளாயிரம் செக்கன்.
யாரும் குறிக்கவில்லை.
வந்தபோதே அப்படித்தான் இருந்தது.

றிஸ்மி எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.
நுவரெலியாவிலிருந்து லீக்ஸ் ஏற்றிய லொறி
வளைவில் கியர் மாற்றி இறங்கிப் போனது.
செய்வதற்கு எதுவும் இல்லை.
சரியான விடை பெயரேட்டில் உட்கார்ந்திருக்க
தப்பான விடை சாகக் காத்திருப்பதைத் தவிர.

இரண்டு பத்தொன்பதுக்கு
பதினேழு தன் பெயரைக் கண்டுபிடித்தது.

விடியுமுன் குறிப்பில் கொஞ்சம் கூட்டி எழுதினேன்.
வாசல் ஒன்றேதான், ஆனால் இரண்டு வலயத்தில் நிற்கும்,
ஒன்று சாய்ந்தால் மற்றது திறந்திருக்கும்.
எந்தக் கேள்வி எப்போது வந்து
எங்கே தங்கியது என்பது பதிவாகும்;
பதிவைக் கேட்டவரே பார்க்கலாம், அனுமதி வேண்டாம்.
பிறகு தொள்ளாயிரத்தை அழித்து
முப்பது என்று தட்டினேன்.

“கேள்வி கூடுமே, செலவும் ஏறுமே” என்றார் றிஸ்மி.
“ஏறட்டும்.”

மாற்றத்துக்கான காரணம் என்றொரு கட்டம்.
நிரப்பாமல் மேலே போக விடாது.
லோகநாயகி என்று எழுதினேன்.
அழித்தேன்.
துரித மீட்சி, என்று எழுதி
அனுப்பினேன்.